பனையேறிக் கெண்டை குடித்த காற்று

அந்தக் காலத்தில் மீனும் மரமும் பேசிக்கொள்ளும். கெண்டைகள் எல்லாம் அப்போது ஒரே இனம்தான். பனையேறிக் கெண்டை என்று தனியாக ஒன்று கிடையாது. அவற்றுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தண்ணீருக்கு மேலே வாயைத் திறக்கக் கூடாது. மேலே போனவை வலையில் விழுந்தன, கொக்கின் வாயில் போயின, ஒன்றுகூடத் திரும்பவில்லை. அதனால் மேல்காற்று செத்தவர்களுடையது என்றே நம்பிவிட்டன. கொல்வது காற்றல்ல, கொக்கு என்று யார் போய்ச் சொல்வது?

ஒரு கோடையில் குளம் வற்றி, மிஞ்சிய மீன்கள் கடைசி மடுவில் வந்து நெருக்கியடித்துக் கிடந்தன. மாடத்தி என்ற கெண்டைக்கு அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. சேறு சூடேற ஏற, குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. 

மாடத்தி கரையில் நின்ற பனையிடம் கேட்டாள்.

"ஏ பனையே, ஒம்ம ஒசரத்துக்கு எங்கயாச்சும் தண்ணி தெரியுதா?"

"கரைக்கு அந்தப் பக்கம் ஒரு குளம் நெறஞ்சு கெடக்கு, தாயி. நான் சொன்னா ஒங்க ஆளுவ நம்பவா போறாவ?"

"அப்பம் நானே ஏறிப் பாக்கேன்."

தங்கை பேச்சி வழிமறித்தாள். "போவாதக்கா! அது செத்தவுக காத்து. மழை வரும், பொறுத்துக் கெடப்போம்."

"மழை வரும்ட்டி. அதுவரைக்கும் எம்புள்ளைவ உசுரோட இருக்கணுமே."

மாடத்தி தலையைத் தூக்கி வாயை அகலத் திறந்தாள். காற்று நெஞ்சை அறுத்துக்கொண்டு இறங்கியது. ஆனால் அவள் சாகவில்லை. செவுள் மூடியைத் தரையில் ஊன்றி ஊன்றிக் கரையேறினாள். பனையில் ஓர் ஆள் உயரம் ஏறினாள். தண்ணீர் தெரிந்தது.

திரும்பி வந்து கூப்பிட்டாள். மிச்சமிருந்த குஞ்சுகள் அவளைப் போலவே வாயைத் திறந்து, அவள் பின்னால் கரை தாண்டின. மற்ற மீன்கள் அசையவில்லை. பேச்சியும் வரவில்லை. அக்கா எவ்வளவோ அழுது கூப்பிட்டும், வாயை இறுக மூடிக்கொண்டு சேற்றிலேயே கிடந்தாள். மழை வந்தபோது மடுவில் காய்ந்த செதில்கள்தான் இருந்தன.

புதுக் குளத்தில் தண்ணீருக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அடியில் கிடந்தால் மாடத்திக்கு மூச்சு முட்டியது. மேல்காற்றைக் குடித்த நெஞ்சுக்கு இனித் தண்ணீர் மட்டும் போதாது என்று புரிந்தது. ஆங்கிலத்தில் 'ஆஸ்பயர்' என்று ஒரு சொல் உண்டு; உயர வேண்டும் என்று தவித்து முயல்வது. அதன் வேரைத் தேடிப் போனவர்கள், அது மூச்சு விடுவதில் போய் முடிகிறது என்கிறார்கள். மாடத்தியைக் கேட்டிருந்தால் தேடாமலே சொல்லியிருப்பாள்.

அன்று முதல்தான் மாடத்தியின் வழியில் வந்த பனையேறிக் கெண்டை, குளம் நிரம்பிக் கிடந்தாலும் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகிறது. வரவிடாமல் அடியிலேயே பிடித்து வைத்தால், அத்தனை தண்ணீருக்குள்ளும் மூச்சு முட்டிச் செத்துப்போகிறது.