ஆவனார் எப்போது வருவார்?

நாவல்காட்டு ஏரிக்கரையில் விலங்குகளுக்கென்று ஒரு பேரவை இருந்தது. செவ்வாய்தோறும் காலையில் கூடும். அவைத் தலைவர் ஆந்தை. கூட்டம் பகலில் நடந்ததால் அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டேதான் தலைமை தாங்கும். யாராவது சத்தம் போட்டால் ஒரு கண்ணை மட்டும் திறக்கும். "உறுப்பினர் அமரவும்!" என்று சொல்லிவிட்டு அதையும் மூடிக்கொள்ளும்.

அந்தப் பேரவையின் அமைச்சர் ஒரு மந்தி. மந்திக்கும் மந்திரிக்கும் நடுவில் ஓர் எழுத்துதானே குறைகிறது என்று எல்லாமாகச் சேர்ந்து அதைத் தேர்ந்தெடுத்திருந்தன. இன்னொரு காரணமும் உண்டு. மந்தி ஊர்ப்பக்கம் போய், ஓர் அலுவலகத்தின் ஓட்டுக்கூரையில் மூன்று மாதம் குடியிருந்துவிட்டு வந்திருந்தது. ஆட்சி நடத்தும் வித்தையெல்லாம் தனக்கு அத்துப்படி என்று சொல்லிக்கொண்டது.

உண்மையில் அது அங்கே கற்றுக்கொண்டது இரண்டே சொற்கள். நாள் முழுவதும் மனிதர்கள் மனுவோடு வருவார்கள். உள்ளே இருந்தவர் தலை நிமிராமல், "ஆவன செய்யப்படும்" என்பார். ஆக வேண்டியதைச் செய்வோம் என்று பொருள். வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மந்தி பொருளைக் கவனிக்கவில்லை. அவர்கள் கும்பிட்டதைத்தான் கவனித்தது.

முதல் கூட்டத்தில் கரடி எழுந்தது.

"தேன்கூடு இருக்கிற மரமெல்லாம் வருஷா வருஷம் உயரமாயிட்டே போகுது! என்னை மாதிரி உடம்பு போட்டவங்க எப்படி ஏறுறது? அரசு என்ன நடவடிக்கை எடுத்திருக்கு?"

மந்தி வாலை அழகாகத் தூக்கிக்கொண்டது. "ஆவன செய்யப்படும்!"

மரங்கொத்தி டக் டக் டக் என்று கிளையைத் தட்டிப் பாராட்டியது. அவையில் அதற்கு அது ஒன்றுதான் வேலை.

அடுத்து நண்டு. "காட்டிலே எல்லாப் பாதையும் நேராத்தான் போகுது! பக்கவாட்டிலே நடக்கிறவங்களுக்கு ஒரு பாதையாவது உண்டா?"

"ஆவன செய்யப்படும்!"

டக் டக் டக்!

கடைசியாக முயல் எழுந்தது.

"ஏரிக்கரைக்குக் கீழேதான் எங்க வளை இருக்கு. மூணு நாளா சுவரெல்லாம் ஈரம். கரையிலே ஓட்டை விழுந்து தண்ணி கசியுது. நேத்து சுண்டைக்காய் அளவு இருந்தது. இன்னைக்கு எலுமிச்சம்பழம் அளவு!"

"ஓட்டை போட்டது யார்?" என்று கேட்டது மந்தி.

"அது வந்து... நண்டு தோண்டின வளை..."

"ஆட்சேபணை!" என்று நண்டு கொடுக்கைத் தூக்கியது. "அந்தப் பேச்சை அவைக்குறிப்பிலேருந்து நீக்கணும்!"

ஆந்தை ஒரு கண்ணைத் திறந்தது. "நீக்கப்பட்டது!"

பேச்சு நீங்கியது. ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது.

முயல் விடவில்லை. "துணைக் கேள்வி! கண்ணுகூடத் திறக்காத குட்டிங்க நாலு இருக்கு. மேட்டுப் பக்கம் தூக்கிட்டுப் போயிடட்டுமா?"

இருபதடி நடந்தால் மந்தி அந்த ஓட்டையை நேரிலேயே பார்த்திருக்கலாம். ஆனால் அது அத்திப்பழம் தின்னும் நேரம்.

"பச்சைக் குட்டிகளை எதுக்கு அலைக்கழிக்கணும்? ஆவன செய்யப்படும்!"

முயல் கண்கலங்கிக் கும்பிட்டது. மந்திக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அடுத்த செவ்வாய் வந்தது. கூட்டம் தொடங்கியதும் கரடி எழுந்தது.

"அமைச்சரே, ஆவனார் எப்ப வருவார்?"

"யாரு?"

"அதான், ஆவனார்! 'ஆவன செய்யப்படும்'னு சொன்னீங்களே! மரியாதையில்லாம எப்படிப் பேரைச் சொல்றதுன்னுதான் ஆவனார்ங்கிறோம்."

"அவருக்காக வாசல்லே காத்துக் கிடந்து எட்டுக் காலும் மரத்துப்போச்சு!" என்றது நண்டு.

மந்திக்கு விஷயம் புரிந்தது. அப்படி யாரும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தது. எல்லாக் கண்களும் தன்னையே பார்ப்பதைக் கண்டது. பதவி போய்விடுமே என்று பயம் வந்துவிட்டது.

"வந்துக்கிட்டே இருக்கார்!" என்றது.

"எப்படி இருப்பார்?" என்று ஆசையாகக் கேட்டது முயல்.

என்ன சொல்வதென்று தெரியாமல் மந்தி குனிந்து தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டது. "நல்லா ஓங்குதாங்கா இருப்பார். நாலு கை! வாலும் உண்டு!"

டக் டக் டக் டக்! மரங்கொத்தி ஒரு தட்டு கூடுதலாகவே தட்டியது.

அன்றிலிருந்து ஆவனாருக்குக் காணிக்கை வரத் தொடங்கியது. கரடி தேனடை கொண்டுவந்தது. நண்டு எங்கிருந்தோ ஒரு சீதாப்பழத்தை உருட்டிக்கொண்டு வந்தது. முயலிடம் வேறொன்றும் இல்லை. ஒரு பிடி அறுகம்புல் கொண்டுவந்து, "ஓட்டை இப்போ தேங்காய் அளவு ஆயிடுச்சுன்னு மட்டும் அவர்கிட்டே சொல்லுங்க" என்றது.

"எல்லாத்தையும் நானே அவர் கையிலே கொடுத்துடறேன்!" என்று வாங்கிக்கொண்ட மந்தி, அத்திமரத்தில் ஏறி உட்கார்ந்து தின்றது. சீதாப்பழத்தை மெல்லும்போது தொண்டையில் ஏதோ உறுத்தியது. விதையாக இருக்கும் என்று துப்பிவிட்டு அடுத்த வாய் தின்றது.

மூன்றாவது செவ்வாயன்று விடிந்ததிலிருந்தே மழை கொட்டியது. ஏரி விளிம்பு வரை தளும்பியது. மந்தி மரத்திலிருந்து எட்டிப் பார்த்தது. விலங்குகள் எல்லாம் கரைமேல் வரிசையாக நின்றன. கரடியின் கையில் காட்டுமல்லி மாலைகூட இருந்தது. அவற்றின் காலடியில் பரங்கிக்காய் அளவு ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஒன்றுகூட ஒரு பிடி மண்ணை எடுக்கவில்லை.

மந்தி பாய்ந்து வந்தது. "என்ன வேடிக்கை பாக்குறீங்க? மண்ணை அள்ளிப் போடுங்க!"

"அவர் வர்ற நேரத்திலே நாம கை வைக்கலாமா?" என்றது கரடி. "ஆவனார் கோவிச்சுக்கிட்டா?"

மந்தி முயலின் பக்கம் திரும்பியது. "குட்டிங்க எங்கே?"

"வளையிலேதான். நீங்கதானே அலைக்கழிக்க வேணாம்னு சொன்னீங்க."

முயல் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மந்தி தாங்கியிருக்கும். அது முழு நம்பிக்கையோடு அல்லவா சொன்னது!

"ஆவனார்னு ஒருத்தரும் இல்லை!" என்று மந்தி அலறியது. "அது வெறும் பேச்சு! பழத்தை எல்லாம் நான்தான் தின்னேன்! ஓடு, முயலக்கா! குட்டிகளைத் தூக்கு!"

மரங்கொத்தி பழக்க தோஷத்தில் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டது.

மந்தி நிற்கவில்லை. சரிவில் இறங்கி, முதுகைக் கொடுத்து ஓட்டைக்குள் உட்கார்ந்தேவிட்டது! பீய்ச்சிய தண்ணீர் அதன் அக்குள் வழியாக ஒழுகும் அளவுக்குக் குறைந்தது. முயல் வளைக்குள் பாய்ந்து ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி மேட்டுக்குக் கொண்டுபோனது. நாலாவது குட்டியைத் தூக்கும்போது வளைக்குள் தண்ணீர் அதன் கழுத்தளவு இருந்தது.

கரடி மாலையை வீசிவிட்டுப் பாறாங்கல்லை உருட்டிக்கொண்டு வந்தது. நண்டு களிமண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது. "ஓட்டை நான் போட்டதுதான்! தோண்டத் தெரிஞ்சவனுக்கு மூடவும் தெரியும்!" என்றது. சத்தத்தில் ஆந்தைக்கு இரண்டு கண்ணும் திறந்துகொண்டன. "அவை நடவடிக்கைகள் கரைக்கு மாற்றப்படுகின்றன!" என்று அறிவித்துவிட்டு, அதுவும் அலகால் சுள்ளி பொறுக்கியது.

உச்சிப்பொழுதுக்குள் கரை அடைபட்டது. கரடி மந்தியை இழுத்தது. பொளக்கென்று வெளியே வந்து விழுந்தது. கழுத்து முதல் வால் நுனி வரை சேறு. முன்கை இரண்டிலும் களிமண், பின்னங்கால் விரல்களிலும் களிமண்.

மேட்டில் அன்றைக்குத்தான் கண் திறந்திருந்த ஒரு குட்டி அதை உற்றுப் பார்த்தது.

"அம்மா! நாலு கை இருக்கு! வாலும் இருக்கு! இவர்தான் ஆவனாரா?"

மந்தி வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டது. முகத்திலும் சேறு ஒட்டிக்கொண்டது.

முயல் குட்டியை நக்கித் துடைத்தபடி சொன்னது: "ஆமா கண்ணு, இவர்தான். வர்றதுக்குத்தான் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

ஆகவே, 'செய்யப்படும்' என்று வாக்குக் கொடுக்கிறவர், அதைச் செய்யப்போவது யார் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.