பதினெட்டுக்குப் பன்னிரண்டு

கோடு மறுபடி மேலே ஏறிவிட்டது.

கோமதிநாயகம் பல்லைக் கடித்தார். மேஜைமேல் இருந்தது அல்ட்ரா வைட்பேண்ட் ஆன்டெனா, பரந்த அலைவரிசைக்கானது. மூன்று கிகாஹெர்ட்ஸிலிருந்து பத்து வரைக்கும் அனலைசர் திரையில் கோடு மைனஸ் பத்துக்குக் கீழேயே கிடந்தால்தான் ஆன்டெனா தேறும். மூன்றில்தான் வம்பு. சின்ன ஆன்டெனாவுக்கு அவ்வளவு கீழான அலைவரிசை எட்டவே எட்டாது. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தார். ஏறியது. செம்புத் துண்டு ஒட்டினார். இன்னும் ஏறியது.

கேபிளைக் கையால் பிடித்தார். சட்டென்று இறங்கிவிட்டது.

ஏன் இறங்கியது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் பிடித்துக்கொண்டு நின்றார். பிஎச்.டி. பதிவுக் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் இந்தக் கட்டுரை போகாவிட்டால் ஆறு வருஷமும் தண்டம்.

ஜெசிந்தா மேடம் உள்ளே வந்தார். கைடு. வயதில் ஒன்பது வருஷம் சின்னவர் என்பதால் இவரை சார் என்றுதான் கூப்பிடுவார்.

“வந்துடுச்சு மேடம். சேவ் பண்ணிடலாம்.”

“சைஸ் என்ன சார்?”

“பதினெட்டுக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர். கட்டைவிரல் நகம்தான்.”

“கேபிளை எதுக்குப் பிடிச்சிருக்கீங்க?”

“ஆடாம இருக்கத்தான். லேப்ல எல்லாரும் பிடிக்கிறதுதானே.”

மேடம் மேஜை டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்தார். ஆன்டெனாவின் நுனியில் ஆரம்பித்தார். கேபிள், கோமதிநாயகத்தின் விரல், மணிக்கட்டு என்று நகர்ந்து முழங்கையில் வந்து நிறுத்தினார்.

“அறுபத்திரண்டு சென்டிமீட்டர். கட்டுரையில இந்த சைஸைப் போடுங்க.”

“விளையாடாதீங்க மேடம்.”

“விளையாடல. கேபிளும் உங்க கையும் சேர்ந்துதான் இப்ப ஆன்டெனா. நாளைக்கு இதை ஒரு போன்ல வெச்சா, வாங்குறவர் வீட்டுக்கு நீங்களும் கூடப் போவீங்களா?”

கோமதிநாயகத்துக்கு முகம் சுட்டது. “கையை எடுத்தா மூணே முக்கால் கிகாஹெர்ட்ஸ்லதான் ஆரம்பிக்குது. அதை ஏற்கெனவே ஆறு பேர் கட்டுரையாப் போட்டுட்டாங்க. என்னுதை எவன் எடுப்பான்?”

“எடுக்காமலும் போகலாம்.”

“அப்ப நான் என்ன பண்ணட்டும்?”

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு அனலைசர் முன்னால் உட்கார்ந்தார். சேவ் பட்டன்மேல் விரலை வைத்தார்.

“இதை நான் அமுக்குறேன் சார். நீங்க கையை மட்டும் எடுங்க.”

கோடு மைனஸ் பத்துக்குக் கீழே அசையாமல் கிடந்தது. உள்ளங்கையில் கேபிள் வியர்வையில் வழுக்கியது.

கோமதிநாயகம் கையை எடுக்கவில்லை.