ஒரு கை நீர்நாயும் மூன்று கூழாங்கற்களும்

காட்டாறு வளைந்து திரும்பும் இடத்தில் ஆழமான மடு ஒன்று இருந்தது. அங்கே சுழியன் என்ற நீர்நாயும் அவன் மனைவி ஓடைச்சியும் வாழ்ந்தார்கள்.

சுழியன் வித்தைக்காரன். பாறைமேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, மூன்று கூழாங்கற்களை இரண்டு கைகளாலும் மாற்றி மாற்றி எறிந்து பிடிப்பான். சாயங்காலம் தண்ணீர் குடிக்க வரும் மான்களும் குரங்குகளும், குடித்து முடித்த பிறகும் போக மனமில்லாமல் நின்று பார்க்கும்.

ஒரு மழைக்காலத்தில், வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரம் ஒன்று அவன் வலக்கையைப் பாறையோடு சேர்த்து நசுக்கியது. உயிர் பிழைத்தான். கை மணிக்கட்டோடு போய்விட்டது.

புண் ஆறிவிட்டது. ஆனால் கை போனதை அவன் மனம் ஒப்பவில்லை. யார் கேட்டாலும் சுளுக்கு என்றான். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றான். கைமுனையில் பாசியைச் சுற்றி மறைத்துக்கொண்டு, பழையபடி மூன்று கற்களையும் எறிந்தான். மூன்றும் மடுவில் விழுந்தன.

அவற்றை அடியாழத்திலிருந்து எடுத்து வருவது ஓடைச்சியின் வேலையாயிற்று. கல் வழுக்குகிறது என்றான். அவள் சொரசொரப்பான கல்லாகத் தேடிக் கொண்டுவந்தாள். அது கனமாக இருக்கிறது என்றான். சிறிய கல்லாகக் கொண்டுவந்தாள். அது காற்றில் பறக்கிறது என்றான். பிறகு வெயிலில் கண் கூசுகிறது என்றான். வெயிலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஓடைச்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். மீனும் அவள்தான் பிடிக்க வேண்டும், கல்லும் அவள்தான் பொறுக்க வேண்டும்.

ஒருநாள் அவள் வாயில் ஒரு கெளுத்தி மீனோடு கரையேறினாள்.

"மறுபடியும் விழுந்துவிட்டது. இந்தக் கல்லில் ஏதோ கோளாறு" என்றான் சுழியன்.

ஓடைச்சி மீனைக் கீழே போட்டாள்.

"கல்லில் கோளாறு இல்லை. உங்கள் கை போய்விட்டது. எனக்குத் தெரியும், மானுக்குத் தெரியும், இந்த மீனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். உங்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. இனி ஒரு கல்லுக்காகவும் நான் மூழ்க மாட்டேன்."

சுழியனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கை குணமாகிவிட்டது, இன்று மாலை வித்தை உண்டு என்று குரங்குகளிடம் சொல்லி அனுப்பினான். காடு முழுக்கச் செய்தி பரவியது.

மாலையில் பெரிய கூட்டம் கூடியது. சுழியன் மல்லாந்து படுத்து எறிந்தான். முதல் கல் அவன் மூக்கிலேயே விழுந்தது. இரண்டாவது மடுவுக்குள் போனது. மூன்றாவது, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த காட்டுப்பன்றியின் முதுகில் பட்டுத் தெறித்தது.

மான்கள் பிரமாதம் என்றன. முன்பைவிட இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்றது ஒரு குரங்கு. ஆனால் எந்த மிருகமும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் பாசி சுற்றிய கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

சுழியனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கல்லைக்கூடப் பிடிக்காதவனை எதற்காகப் புகழ்கிறீர்கள் என்று கேட்டான். மான்கள் தலையைக் குனிந்துகொண்டன. சுளுக்கோடு இவ்வளவு செய்ததே பெரிய விஷயம் என்று குரங்கு இழுத்தது.

சுளுக்கு! அது அவனே ஊருக்கெல்லாம் சொல்லிவைத்த பொய். பிறர் வாயிலிருந்து கேட்டபோது அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பாசியை வெடுக்கென்று பிய்த்து எறிந்தான்.

"சுளுக்கு இல்லை. கை இல்லை. இனி வரவும் வராது."

ஓடைச்சி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூட்டம் மெல்லக் கலைந்தது. காட்டுப்பன்றி மட்டும் முதுகைப் பாறையில் தேய்த்தபடி, தன்னிடம் யாராவது மன்னிப்புக் கேட்பதாக உத்தேசம் உண்டா என்று விசாரித்தது. சுழியன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் அவன் ஒரே ஒரு கல்லை எடுத்தான். இடக்கையால் மேலே எறிந்து, மொட்டைக் கையால் தட்டினான். அது மடுவில் விழுந்தது. அவனே மூழ்கி எடுத்து வந்தான். மறுபடி விழுந்தது, மறுபடி மூழ்கினான். பல நாள் கழித்து, தட்டிய கல் மார்பில் உருண்டு இடக்கைக்கே திரும்பி வந்தது. மூன்று கல் வித்தையின் அழகு இதில் இல்லை என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் கையில் வந்து நின்ற கல்லைப் பார்த்துச் சிரித்தான். வெள்ளத்துக்குப் பிறகு அவன் அப்போதுதான் சிரித்தான்.

மான்களில் சில நின்று பார்த்தன. சில தண்ணீர் குடித்ததும் போய்விட்டன. போனவற்றின்மேல் அவன் கோபப்படவில்லை. கல் விழுந்தால், விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தான். அப்படிப் பாய்ந்தபோது ஒருநாள் ஒரு மீனையும் கவ்விக்கொண்டு வந்தான்.

ஓடைச்சி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் பெரிதாகப் பிடித்திருக்கலாம்" என்றாள்.

போனதைப் போனது என்று ஒப்புக்கொள்பவனுக்குத்தான், மிச்சமிருப்பது கைகொடுக்கும்.