நாரத்தம்பூவும் மணமில்லாத டப்பாவும்

“எதுவும் என்கிட்ட ஒட்டலைம்மா. நான் ஊருக்குப் போறேன்,” என்றார் வேதகிரி.

ஆசிரமத்து ஊதுபத்திக் கொட்டகையில் வாசனைக் கலவை கலக்கிக்கொண்டிருந்த குரு தவமணி அம்மா தலை நிமிரவில்லை. சீடர் வேதகிரியைவிட அவர் இளையவர். ஒரு காலத்தில் சென்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர். துறவறம் பூண்டபோது மூக்கை மட்டும் துறக்கவில்லை.

“எப்ப போறீங்க?”

“மகன் காரோட வாசல்ல நிக்கிறான். தீட்சை குடுத்தீங்கன்னா இருக்கேன். இல்லைன்னா ஏறிடுவேன்.”

குரு ஒரு தகர டப்பாவைத் திறந்தார். காகிதப் பட்டை ஒன்றை அதில் நனைத்து, தலை நிமிராமலே நீட்டினார்.

“என்ன வாசனை?”

வேதகிரி ஞான நூல்களை நிறையப் படித்தவர். இந்த மாதிரிக் கேள்விக்கு என்ன பதில் என்று அவருக்குத் தெரியும். கண்ணை மூடினார். தகுந்த அவகாசம் விட்டுத் திறந்தார்.

“ஒண்ணுமில்லை.”

“சரி.”

வேதகிரி காத்திருந்தார்.

“சரின்னா?”

“சரின்னா சரிதான். டை எத்தில் தாலேட். அதுக்கு வாசனை கிடையாது. நிறமும் கிடையாது.”

“சூனியமா?”

“கரைப்பான். நாக்குல பட்டா கசக்கும்.”

வேதகிரி படித்த எந்த நூலிலும் சூனியம் கசக்கவில்லை.

“இதுக்கு இங்க என்ன வேலை?”

“நம்ம நாரத்தம்பூ பத்தியை முக்குற கலவையில முக்கால் பங்கு இதுதான். மிச்சம்தான் பூ எண்ணெய்.”

“ஒண்ணுமில்லாததையா இத்தனை நாளா நாரத்தம்பூன்னு பாக்கெட் போட்டேன்?”

“நல்லாத்தான் போட்டீங்க.”

“இது கலப்படம் இல்லையா?”

குரு கலக்குவதை நிறுத்தவில்லை.

“முந்தாநாள் போட்ட சட்டைதானே இது?”

“ஆமா. மத்ததையெல்லாம் மூட்டை கட்டிட்டேன்.”

“அன்னிக்குச் சுத்தமான பூ எண்ணெய்தான் தனக்குச் சரின்னு ஒருத்தர் சட்டையோட இடது கையில பூசிக்கிட்டார். யாரு?”

“நான்தான்.”

“வலது கையில?”

“அன்னிக்கே பத்தி முக்கினப்போ கலவை சிந்திடுச்சு. அதுல துடைச்சேன்.”

“மோந்து பாருங்க.”

வேதகிரி இடது சட்டைக்கையை மூக்கருகே கொண்டுபோனார். இம்முறை கண்ணை மூட மறந்துவிட்டார்.

“ஒண்ணுமில்லை.”

வலது கையை முகர்ந்தார்.

மறுபடி இடது. மறுபடி வலது.

மகன் உள்ளே வந்தான்.

“அப்பா, எவ்வளவு நேரம்? ஏசியைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்.” பக்கத்தில் வந்ததும் நின்றான். “என்னப்பா இது, பூக்கடை மாதிரி மணக்குறீங்க?”

“எந்தப் பக்கம்?”

“என்ன எந்தப் பக்கம்? இந்தப் பக்கம்தான்.” வலது தோளைத் தொட்டான். “வாங்க, கிளம்பலாம்.”

வேதகிரி டப்பாவைப் பார்த்தார். காகிதப் பட்டையை எடுத்து இன்னொரு முறை முகர்ந்தார். ஒன்றுமில்லை. வலது சட்டைக்கையைப் பார்த்தார்.

“இருடா,” என்றார். “எனக்கு ஒண்ணும் புரியலை.”

குரு முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

“தம்பி, நீங்க கிளம்புங்க. அப்பாவுக்குத் தீட்சைக்கு நேரமாச்சு.”