சொள்ளமுத்துவின் எட்டுக் குழாய்

கொரோனா ஊரையே வீட்டுக்குள் அடைத்துவைத்திருந்த நேரம். ஒன்றியச் செயலாளர் தங்கப்பழத்துக்கோ கூட்டம் போடாவிட்டால் சோறு இறங்காது. மைக்செட்டுக்காரன் சொள்ளமுத்துவைக் கூப்பிட்டுவிட்டார்.

“வேண்டாம் அண்ணாச்சி, தெருவுக்கு நாலு பேரு இருமிக்கிட்டுக் கெடக்காங்க.”

“நோயும் இல்ல, நொடியும் இல்லன்னு ஸ்பீக்கர் குழாய்ல சொல்லு. ஒருத்தன் தள்ளி நின்னாலும் இனிமே உன் குழாய் இந்த ஒன்றியத்துல கத்தாது, பாத்துக்கோ.”

சொள்ளமுத்து அப்படியே ஊரெல்லாம் சொன்னான். எட்டுக் குழாய் கட்டிய மைதானம் நிரம்பி வழிந்தது. தங்கப்பழம் இரண்டு முகக்கவசம் மாட்டிக்கொண்டு, மேடையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, “பயப்படாம ஒட்டி உக்காருங்க” என்று முழங்கினார்.

பேச்சு முடிந்ததும் சொள்ளமுத்து இன்னொரு மைக்கைப் பிடித்தான்.

“நோய் இல்லன்னு அண்ணாச்சியே சொல்லிட்டாக. எல்லாரும் மேடையேறி, ஆளுக்கொரு துண்டு போத்தி, அண்ணாச்சியக் கட்டிப்பிடிச்சு போட்டோ எடுத்துக்கிடலாம்.”

கூட்டம் மேடைக்குப் பாய்ந்தது. கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு வந்த முதல் ஆள் பலமாகத் தும்மினார்.

“கிட்ட வராதீங்க, நோய் ஒட்டிக்கிடும், வீட்டுக்குப் போங்க” என்று தங்கப்பழம் அலறியது எட்டுக் குழாயிலும் கணீரென்று கேட்டது. ஐந்தே நிமிடத்தில் மைதானம் காலி.

“என்னல பண்ணி வச்சிருக்க?” என்றார் அவர், கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே.

“நீங்க சொன்னபடிதான் அண்ணாச்சி. சனங்க ஒருத்தரும் தள்ளி நிக்கல. தள்ளி நின்னது நீங்க மட்டும்தான்.”