துரு தொடாத தரை

"வண்டி முடிஞ்சு மூணு நாள் ஆச்சுங்க மிஸ். போகலாம்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறீங்க. இன்னும் என்னதான் பாக்கி?"

திங்கட்கிழமை காலையில் சிகாமணி கேட்டது இதுதான். கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பிலோமினா மிஸ் அவரைத் தாண்டிப் போனார். வண்டியின் கதவைத் திறந்தார். குனிந்து உள்ளே தரையைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"தரை அழகா இருக்கு" என்றார்.

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

சிகாமணிக்கு வயது நாற்பத்தேழு. மிஸ்ஸுக்கு முப்பத்து நாலு. ஐ.டி.ஐ.யில் ஆறு வருஷம் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் கோயமுத்தூரில் அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அவர் மிஸ்தான். நரைத்த மீசைக்காரர்கள்கூட மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சாதாரணக் காரை ராலிப் பந்தயக் காராக மாற்றுவது அவருடைய பட்டறையின் வேலை.

சிகாமணி பம்ப் கம்பெனியில் இருபது வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர். அதை விட்டுவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தார். எனக்கு ராலி காருக்குள் கூண்டு கட்டக் கற்றுக்கொடுங்கள் என்றார்.

மிஸ் அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே மலைப்பாதையில் உருண்ட கார் ஒன்று கிடந்தது.

உள்ளே போய் உட்காருங்கள் என்றார்.

சிகாமணி நாலு பக்கமும் சுற்றி வந்தார். உட்கார இடம் இல்லை. கூரை சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

இப்போது முடிந்து நிற்கிற வண்டி முப்பத்தைந்து வருஷம் பழையது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, சிவப்பு. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து, குன்னூரில் ஒரு ஷெட்டுக்குள் உறை போர்த்தியே கிடந்த ஸ்போர்ட்ஸ் கார். அதைத் தார் ரோட்டு ராலிக்குத் தயார் செய்ய வேண்டும் என்று அதன் சொந்தக்காரர் கேட்டபோது, இதை நீங்களே முழுசாகச் செய்யுங்கள் என்று மிஸ் சிகாமணியிடம் விட்டுவிட்டார்.

மண் ரோட்டு ராலி என்றால் வண்டியைத் தூக்கிக் கட்டுவார்கள். தார் ரோட்டுக்குத் தாழ்த்த வேண்டும். ஸ்பிரிங்கை இறுக்கி, அகல டயர் போட்டு, பிரேக்கைப் பெரிதாக்க வேண்டும். மண்ணில் சறுக்கினால் மண்ணே பாதியைத் தாங்கிக்கொள்ளும். தாரில் பிடி விட்டுப்போனால் அடுத்தது கல் சுவர். அதற்கும் அடுத்தது பள்ளம்.

ஐந்து மாதம் பாடுபட்டார். பின்சீட்டு, கார்ப்பெட், ஏசி, ரேடியோ என்று எல்லாவற்றையும் கழற்றித் தராசில் வைத்து எடை குறித்தார். போல்ட்டுகளில் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனிகளைக்கூட அறுத்தார்.

மிஸ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டி ஓட்டுறவரை அன்னிக்கு ரெண்டு இட்லி குறைச்சுச் சாப்பிடச் சொல்லுங்க மணியண்ணா. கணக்குச் சரியாயிடும்."

பட்டறையே சிரித்தது. சிகாமணியும் சிரித்தார். ஆனால் அறுப்பதை நிறுத்தவில்லை.

கடைசியாகக் கூண்டு.

வண்டி உருண்டால் கூரை நசுங்கும். கூரைக்கு உள்ளே இரும்புக் குழாயால் ஒரு கூண்டு கட்டுவது அதற்குத்தான். கூரை நசுங்கினாலும் அது நசுங்கக் கூடாது. குழாயும் குழாயும் சேர்கிற ஒவ்வொரு மூட்டையும் சுற்றிலும் வெல்டு வைக்க வேண்டும்.

மேலே இருக்கிற நாலு மூட்டுதான் தகராறு. அவை கூரைக்கு ஓர் அங்குலம் கீழே உட்காரும். அந்தச் சந்துக்குள் வெல்டிங் டார்ச் நுழையாது.

அதற்கு மிஸ்ஸின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கூண்டின் கால்கள் நிற்கிற இடத்தில் வண்டியின் தரையை அறுத்து ஓட்டை போடுவார்கள். கூண்டை அந்த ஓட்டைகள் வழியாக ஒரு சாண் கீழே இறக்குவார்கள். மேல் மூட்டுகளின் முதுகில் வெல்டு வைத்துவிட்டு, மறுபடி தூக்கி நிறுத்தி, ஓட்டைகளைத் தகடு போட்டு அடைப்பார்கள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பிடிக்கிற வேலை.

சிகாமணி கிரைண்டரை எடுத்தார். தரையில் முட்டி போட்டார். கார்ப்பெட்டை உரித்த பிறகு அன்றைக்குத்தான் அந்தத் தரையைச் சரியாகப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லை. கம்பெனியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளுகுளு என்று இருந்தது.

இப்படி ஒரு தரையை அவர் எந்தப் பழைய வண்டியிலும் பார்த்ததில்லை. இதைப் போய் அறுப்பதா.

மிஸ் அந்த வாரம் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார்.

சிகாமணி கிரைண்டரைத் திரும்ப வைத்துவிட்டார். கூண்டை அப்படியே நிறுத்தி, டார்ச் போகிற வரைக்கும் வெல்டு வைத்தார். இடது, வலது, அடிப்பக்கம். மேல் பக்கம் மட்டும் விட்டுப்போனது. அதன்மேல் சாம்பல் நிறப் பெயிண்டை அடித்தார். குழாய்க்கும் கூரைக்கும் நடுவே எந்தக் கண்ணும் போகாது.

போகவும் இல்லை. ராலி நடத்துகிறவர்கள் அனுப்பிய பரிசோதகர் வந்தார். குழாயின் கனத்தை அளந்தார், டார்ச் லைட் அடித்துப் பார்த்தார், தேறியதற்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்.

மிஸ் மட்டும்தான் போகலாம் என்று சொல்லவில்லை. அவர் சொல்லாமல் அந்தப் பட்டறையை விட்டு ஒரு வண்டியும் வெளியே போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராலி. புதன்கிழமை சிகாமணி மறுபடி கேட்டார்.

மிஸ் சாவியை எடுத்தார். "இடது பக்கம் ஏறுங்க."

இதுவும் அங்கே வழக்கம்தான். முதல் ஓட்டத்தில் கூண்டைக் கட்டியவர் இடது சீட்டில் உட்கார வேண்டும். மிஸ் ஓட்டுவார்.

மலை ஏறினார்கள். ஏறும்போது நிதானமாகப் போன மிஸ், இறங்கும்போது விட்ட வேகத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் டயர் கத்தியது. ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கி, பாறாங்கல் சுவர் சிகாமணியின் கதவுக்கு ஒரு முழம் வரை வந்து விலகிப் போனது.

பட்டறைக்குத் திரும்பியதும் மிஸ் எஞ்சினை நிறுத்தினார்.

"பயமா இருந்துச்சா?"

"இல்லீங்க மிஸ்."

உண்மைதான். அவருக்குப் பயமாகவே இல்லை. மூன்று பக்கம் பிடித்திருக்கிறது, தாங்கும், அப்படியே தாங்காவிட்டாலும் நம் கட்டை நாலு காலம் வாழ்ந்தாயிற்று என்று அந்த வளைவில் அவருக்குத் தோன்றியது.

"உங்களுக்கு வராது" என்றார் மிஸ். சாவியை உருவினார். "இந்த இடது சீட்டுல யார் உட்காரப் போறாங்க?"

"நேவிகேட்டருங்க."

"பேரு?"

சிகாமணிக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றும் புரியவில்லை.

"கேட்டுட்டு வாங்க."

வண்டியின் சொந்தக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். சொந்தக்காரரின் தங்கச்சிதானாம், சுகிர்தா என்று பெயராம். அண்ணன் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்து வருகிற வளைவுகளை நோட்டிலிருந்து வாசித்துச் சொல்வாளாம். பதினேழு வயதிலிருந்து அப்படித்தானாம். நடுவில் ஒரு வருஷம் வரவில்லையாம்.

"ஏன் வரலை?"

அதைச் சிகாமணி கேட்கவில்லை.

"உயரம்?"

அதையும் கேட்கவில்லை. அவருக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கறதாட்ட இருக்குதுங்க மிஸ் என்று முணுமுணுத்தார்.

"வரச் சொல்லுங்க" என்றார் மிஸ்.

சனிக்கிழமை காலையில் சுகிர்தா வந்தாள். ஆட்டோவிலிருந்து முதலில் ஒரு துணிப்பை இறங்கியது. பிறகு அவள் இறங்கினாள். மார்போடு சேர்த்து ஒரு குழந்தை. நாலு மாதம் இருக்கும்.

மாமியார் ஒரு சாவுக்குப் போயிருக்கிறார், விட்டுவிட்டு வர ஆளில்லை, மன்னிச்சுக்குங்க என்றாள். நாளைக்கு எப்படியும் வந்துவிடுவார் என்றாள். யாரும் கேட்காமலே இதையெல்லாம் சொன்னாள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். சிவப்புக் கூரையை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"எங்கண்ணன் கண்ணால ஓட்டறதில்லைங்க. என் வாயாலதான் ஓட்டறான். நான் ஒரு வளைவைத் தப்பா வாசிச்சா நேரா போயிடுவான், அவ்வளவு நம்பிக்கை" என்று சிரித்தாள்.

மிஸ் பெல்ட்டுகளைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார். சுகிர்தா சுற்றும் முற்றும் பார்த்தாள். சும்மா நின்றது சிகாமணி ஒருவர்தான்.

"அஞ்சு நிமிஷம் வெச்சிருங்ணா."

அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் குழந்தை அவர் கைக்கு வந்துவிட்டது.

சுகிர்தா உள்ளே நுழைந்து இடது சீட்டில் உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. மிஸ் சீட்டை முன்னால் தள்ளி முடுக்கினார். பெல்ட்டின் ஆறு பட்டைகளையும் மாட்டி இறுக்கினார். சுகிர்தா ஒவ்வொன்றையும் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திக் கூண்டைப் பார்த்தாள்.

"மிஸ், இது உருண்டா தாங்கும்ல?"

முன்னெல்லாம் இதைக் கேட்டதே இல்லை என்றும் சொன்னாள். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

"கட்டினவர் அங்கதான் நிக்கறார். அவரைக் கேளுங்க."

சுகிர்தா திரும்பிச் சிகாமணியைப் பார்த்தாள். மிஸ் திரும்பவில்லை. பெல்ட்டின் ஒரு நுனியை மடித்துக்கொண்டிருந்தார்.

"தாங்கும்மா" என்றார் சிகாமணி.

சுகிர்தா தலையாட்டினாள். முகம் தெளிந்தது. அதை அவர் பார்த்தார்.

மிஸ் துணிப்பையிலிருந்து குழந்தையின் துண்டு ஒன்றை எடுத்து அவள் கண்ணைக் கட்டினார். புகை சூழ்ந்தால் கண் வேலை செய்யாது, கைதான் தேட வேண்டும். அதனால் கண்ணைக் கட்டிப் பழக்காமல் மிஸ் யாரையும் அனுப்புவதில்லை.

"சுவிட்ச்."

சுகிர்தாவின் கை முன்னால் போய் எஞ்சினை அணைக்கிற சுவிட்சைத் தொட்டது.

"கதவு."

தொட்டது.

"தீயணைப்பான்."

கை கீழே போயிருக்க வேண்டும். போகவில்லை. பக்கத்துக் குழாயைப் பிடித்து, அதன் வழியே தடவிக்கொண்டு மேலே ஏறியது. ஏறி, மேல் மூட்டைத் தொட்டது. விரல்கள் மூட்டைத் தாண்டி வளைந்து, கூரைக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த சந்துக்குள் போயின.

சிகாமணி ஓரடி முன்னால் வந்தார்.

விரல்கள் அங்கேயே நின்றன. அவள் பிடிமானத்துக்காக அதைப் பற்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். விரலுக்கு அடியில் என்ன இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. பாதி முகத்தைத் துண்டு மறைத்திருந்தது. உதடு மட்டும் எதையோ எண்ணுவதுபோல் அசைந்தது.

அப்போது குழந்தை அழத் தொடங்கியது.

அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. சுகிர்தாவின் உடம்பு பெல்ட்டுக்குள் ஒருமுறை எழும்பி அடங்கியது. ஆனால் அவள் துண்டை அவிழ்க்கவில்லை. ஒரு கை இன்னும் அந்த மூட்டைப் பற்றியிருக்க, முகத்தை மட்டும் சத்தம் வந்த பக்கம் திருப்பினாள்.

"அண்ணா, நல்லா புடிச்சிருக்கீங்களா?"

சிகாமணி குனிந்து பார்த்தார். ஒரு கை குழந்தையின் அடியில் இருந்தது. இன்னொரு கை விலாவில். முன்பக்கம் அவர் நெஞ்சு. பின்னால் ஒன்றும் இல்லை. தலை சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

விலாவிலிருந்த கையை எடுத்துப் பிடரிக்குக் கொடுத்தார். தலை உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அழுகை விக்கலாகி நின்றது.

"அண்ணா?"

அவர் அவள் விரல்கள் நுழைந்திருந்த இடத்தைப் பார்த்தார். மலையில் வராத பயம் இப்போது வந்தது.

"இல்லம்மா" என்றார். "மூணு பக்கம்தான்."

"என்னங்ணா?"

"உங்க கை இருக்கற இடத்துல வெல்டு இல்லம்மா. நாலு மூட்டுலயும் இல்ல."

மிஸ் எழுந்து வந்தார். பிடரிக்குக் கை கொடுத்து, அவரிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"மேல் தட்டுல கிரைண்டருக்குக் கட்டிங் வீல் புதுசு ஒண்ணு இருக்கு" என்றார். "திங்கட்கிழமையே எடுத்து வெச்சேன்."