நரி முகத்தில் விழித்த மாப்பிள்ளை

செங்கோடன் குப்பண்ணனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்த பேருந்தின் ஜன்னலில். கோணமடுவில் நரியைக் கூப்பிடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மகள் வீட்டுக்குப் போகிறவர், மடியில் ஒரு பலாப்பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன இடத்தில் பலாப்பழத்தைத் தின்றுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆகவே அன்று ஜன்னல் வழியாகச் சொன்னதற்கு மேல் ஒரு விளக்கமும் கேட்க முடியாமல் போயிற்று.

செங்கோடனுக்கு நரி தேவைப்பட்டது கல்யாணத்துக்காக. வங்காநரி முகத்தில் விழித்தால் நினைத்தது நடக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தை மாதத்தில் வலை வைத்து ஒன்றைப் பிடிப்பார்கள். மாலை போட்டு, மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஊர்வலம் கொண்டுபோய், மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

செங்கோடனைப் பார்க்க வந்த பெண் வீட்டார் எல்லாரும் மோர் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். இப்போது புங்கமடுவிலிருந்து பாவாயியின் வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாகத் தரகர் சொல்லியிருந்தார். பாவாயியை அவன் சந்தையில் ஒரு தடவை பார்த்திருக்கிறான். தக்காளிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் திட்டை நினைத்துக்கொண்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அவளுடைய அப்பனை மட்டும் அவன் பார்த்ததே இல்லை.

பேருந்தடியில் நின்று அவன் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணே, நரியை எப்படிக் கூப்பிடறது?"

"காத்து உன் மூஞ்சியில அடிக்கணும். அடிபட்ட முயலாட்டம் கத்தணும். மரமாட்டம் அசையாம இருக்கணும். அந்தச் சத்தத்துக்கு நரியைத் தவிர வேற எதுவும் வராது. ஆனா வந்ததும் மட்டும் மறந்துராம..."

பேருந்து போய்விட்டது.

வெள்ளிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது செங்கோடன் ஒரு வலையோடும், அய்யண்ணன், வேடியப்பன் என்ற இரண்டு கூட்டாளிகளோடும் ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றின் அடியில் போய் நின்றான். காற்றே இல்லை. ஆனால் மூஞ்சியில் அடித்தாக வேண்டும். அய்யண்ணன் இதற்கென்றே வீட்டிலிருந்து முறம் கொண்டுவந்திருந்தான். முயலாகக் கத்த வேண்டிய வேடியப்பனின் முகத்துக்கு நேராக அதை வீச ஆரம்பித்தான்.

"நீ மரமாட்டம் இருக்கணும்டா. கையை ஆட்டறியே?" என்றான் வேடியப்பன்.

"காத்தடிச்சா மரம் ஆடாதா? ஆடாம இருந்தா நரிக்குச் சந்தேகம் வந்துரும்."

இது நியாயமாகப் பட்டது. என்ன மரம் என்பதில்தான் கொஞ்சம் பேச்சு நடந்தது. வேடியப்பன் முருங்கை என்றான். முருங்கை லேசில் ஒடிந்துவிடும் என்று அய்யண்ணன் பயந்ததால் புளிய மரமாக இருக்க ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்தது முயல். "எங்க அடிபட்ட முயல்னு குப்பண்ணன் சொல்லலையே" என்றான் வேடியப்பன்.

"இடுப்புல பட்டா முனகும். கால்ல பட்டாத்தான் கத்தும்" என்று சொல்லிவிட்டு, அய்யண்ணன் முறத்தின் விளிம்பால் அவன் முழங்காலில் ஒன்று வைத்தான். வேடியப்பன் கத்திய கத்தலில் பனைமரத்துக் காக்கையெல்லாம் கிளம்பியது.

"அடிச்ச அடியில முயல் நல்லா வந்திருக்குது" என்று செங்கோடன் பாராட்டினான்.

அப்போதுதான் பெரிய சிக்கல் ஒன்று அவன் நினைவுக்கு வந்தது. நரி முகத்தில் விழிக்க வேண்டுமென்றால் முதலில் தூங்க வேண்டும். முழித்துக்கொண்டே பார்த்தால் அது வெறுமனே நரியைப் பார்த்த கணக்குத்தான். அவன் கட்டாந்தரையில் படுத்துப் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டான். நரி வந்ததும் போர்வையை உருவுவது அய்யண்ணன் பொறுப்பு. ஆனால் மனதில் கல்யாணம் இருக்கிறவனுக்குத் தூக்கம் எப்படி வரும்?

"தாலாட்டு பாடுறா" என்றான் போர்வைக்குள்ளிருந்து.

அய்யண்ணன் தாலாட்டு ஒரு வரி பாடுவான், முறத்தை நாலு வீச்சு வீசுவான், வேடியப்பன் காலில் ஒன்று போடுவான். வேடியப்பன் முயலாகக் கத்துவான். மறுபடி தாலாட்டு. செங்கோடன் நல்ல பிள்ளை, தூங்கிவிட்டான்.

அந்த நேரம் கரட்டுப் பாதையில் அங்கப்பன் வந்துகொண்டிருந்தார். பாவாயியின் அப்பன். மாப்பிள்ளைக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்று காதில் விழுந்திருந்ததால், வீட்டாருக்கு முன்னால் தனியாக வந்து ஊரில் விசாரிக்கலாம் என்று கிளம்பியவர். யாரையோ அடித்துக் கொல்கிறார்கள் என்று நினைத்து ஓடி வந்தார். மூடிக் கிடந்த உருவத்தைப் பார்த்து, பதறிப்போய்க் குனிந்தார். அய்யண்ணன் போர்வையை உருவினான்.

செங்கோடன் கண்ணைத் திறந்தான்.

"வந்துருச்சு!" என்றான். வலை விழுந்தது.

"அடேய், விடுங்கடா! நான் பொண்ணோட அப்பன்டா!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நரி பேசுதே" என்றான் அய்யண்ணன்.

"தந்திரக்கார ஜீவன். தப்பிக்கறதுக்கு என்ன வேணாலும் சொல்லும்" என்றான் செங்கோடன்.

"ஆளாட்டம் இருக்குதேடா."

"அந்தச் சத்தத்துக்கு நரியைத் தவிர வேற எதுவும் வராதுன்னு குப்பண்ணன் சொன்னாரா இல்லையா? செத்தவர் பேச்சைப் பொய்யாக்கறியா?"

அய்யண்ணன் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டான். "வந்ததும் மட்டும் மறந்துராமன்னாரே, அது என்னவா இருக்கும்?"

செங்கோடன் யோசித்தான். "அவர் சொல்லவே இல்லை. சொல்லாததை எப்படி மறக்க முடியும்? நாம எதையும் மறக்கலை."

ஆவாரம்பூ மாலை போட்டு, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, மேளத்தோடு கோயிலைச் சுற்றி அழைத்துப்போனார்கள். ஊரே கூடிக் கும்பிட்டது. அங்கப்பன் வலைக்குள்ளிருந்து ஒவ்வொருவருடைய தாயாரையும் விசாரித்தார். "போன வருசத்து நரிக்கு இத்தனை குரல் இல்லை" என்று பூசாரி மட்டும் சொன்னார். பிறகு காட்டு விளிம்பில் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டார்கள். நரி திரும்பிப் பார்க்காமல் ஓடினால் நல்ல சகுனம். அங்கப்பன் திரும்பிப் பார்க்கவே இல்லை. மலையேறி, அந்தப் பக்கமாக இறங்கி, நேராக அவர் ஊருக்கே போய்விட்டார்.

மதியம் பாவாயியும் அவள் அம்மா வெள்ளையம்மாளும் வண்டியில் வந்து இறங்கினார்கள்.

"எங்க ஊட்டுக்காரரு விடியமுன்னமே கிளம்புனாரே, இன்னும் வரலீங்களா?"

"காத்தாலயிருந்து ஒருத்தரும் வரலீங்க அத்தை. ஒரு நரி மட்டும் வந்துச்சு. அது மொகத்துலதான் முழிச்சேன்."

வெள்ளையம்மாள் மலர்ந்துபோனாள். நரி முகத்தில் விழித்த மாப்பிள்ளை லேசில் கிடைப்பதா? பாவாயி செங்கோடனை ஏற இறங்கப் பார்த்து, அவன் கொடுத்த மோரை ஒரு வாய் குடித்துவிட்டு, "மோருல உப்புப் போடறதுக்காவது தெரியுதே" என்றாள். திட்டாத குறைதான். செங்கோடனுக்கு அது சம்மதமாகவே கேட்டது.

"எங்களுக்குச் சரிதான் மாப்பிள்ளை. ஆனா தட்டு வாங்க வேண்டியவரு அவரு. பொழுது சாயறதுக்குள்ள அவரு கையால வாங்கலைன்னா, அடுத்த வாரம் தலைவாசல் ஊர்க்காரங்க பொண்ணு பாக்க வராங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

செங்கோடன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "காட்டுல வழி தவறியிருப்பாரு. ஆளு எப்படி இருப்பாருங்க?"

"ஒல்லி ஒடம்பு. மூக்கு நீளம். காது ரெண்டும் வெறைச்சுக்கிட்டு நிக்கும். ஒருத்தரையும் நம்ப மாட்டாரு. எதைக் குடுத்தாலும் மோந்து பாத்துட்டுத்தான் வாயில வைப்பாரு."

ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம் எல்லாம் அடுக்கினார்கள். மாமனார் காலையிலிருந்து பட்டினியாக இருப்பாரே என்று, விருந்துக்குப் பொரித்த கோழியையும் மேலே வைத்துக்கொண்டு மூவரும் காட்டுக்குப் போனார்கள். தொலைந்தவரை எப்படிக் கூப்பிடுவது? அவர்களுக்குத் தெரிந்த கூப்பாடு ஒன்றுதான். அய்யண்ணன் முறத்தை எடுத்தான். வேடியப்பன் பெருமூச்சு விட்டுக்கொண்டு மற்ற காலை நீட்டினான்.

வெயில் தாழ்ந்து, நிழல் நீளும் நேரத்தில் புதர் அசைந்தது. ஒல்லி உடம்பு. நீள மூக்கு. விறைத்த காது.

"மாமாதான்" என்றான் செங்கோடன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. "அத்தை சொன்னதுல ஒண்ணு கூடத் தப்பலை."

"வேட்டியைக் காணமே" என்றான் வேடியப்பன்.

"முள்ளுல மாட்டியிருக்கும். பெரியவங்களை அங்கெல்லாம் பாக்காதடா."

செங்கோடன் தாம்பாளத்தைத் தரையில் வைத்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "மாமா, பாவாயியை நான் கண் கலங்காம வெச்சுக்குவேன். உங்களுக்குச் சம்மதமுன்னா தட்டுல கை வையுங்க."

மாமா ஒருவரையும் நம்பவில்லை. சுற்றி ஒரு தடவை பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு தாம்பாளத்தில் வாயை வைத்து எடுத்துக்கொண்டு, ஒரு குறையும் சொல்லாமல் காட்டுக்குள் போனார்.

"வாங்கிட்டாரு!" என்று மூவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

தட்டில் வெற்றிலையும் பாக்கும் தேங்காயும் வாழைப்பழமும் அப்படியே இருந்தன.